காப்புறுதிக் கம்பனி பிணை நிற்கும்போது



உப்புவெளியில் இந்தப் பேச்சுக்கு அழைத்தபோது, கட்டடத் தொழிலோடு தொடர்புடைய சட்டம் எதையாவது எடுத்துப் பேசுங்கள் என்றுதான் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது பிணைமுறி. திருகோணமலையிலிருந்து நிலாவெளி வரை போகும் இந்த வீதியில் கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த பள்ளிக்கூடம், மருத்துவமனை விடுதி, வடிகால், பாலம் என்று எதை எடுத்தாலும், அதற்கான கோப்பில் ஒரு பிணைமுறி இருக்கும். கையெழுத்து வைத்தவர்களில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள் என்பது எனக்குக் கவலை தரும் விடயம். அந்தக் கவலையால்தான் இங்கே நிற்கிறேன்.

கேள்வி இதுதான். ஓர் ஒப்பந்தக்காரர் வேலையைப் பாதியில் விட்டால் வரும் நட்டத்துக்குத் தான் பொறுப்பு என்று ஒரு காப்புறுதிக் கம்பனி முத்திரை குத்தி எழுதிக் கொடுக்கிறது; அதுதான் பிணைமுறி. வேலை உண்மையிலேயே நின்றுபோகிறது. வேலை கொடுத்தவர் முறியை எடுத்துக்கொண்டு கம்பனிக்குப் போகிறார். கம்பனி கேட்டவுடன் காசைக் கொடுக்க வேண்டுமா? அல்லது நட்டம் இவ்வளவு என்று அவர் கணக்குக் காட்டி நிரூபித்த பிறகு கொடுத்தால் போதுமா?

இதே கேள்வியோடு இங்கிலாந்தின் மேல் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கு, மேன்முறையீட்டு நீதிமன்றம் வழியாகப் பிரபுக்கள் சபை வரை ஏறியது. டிரஃபால்கர் ஹவுஸ் கட்டட நிறுவனத்துக்கும் ஜெனரல் ஷுவர்ட்டி அன்ட் கரன்டி கம்பனிக்கும் இடையிலான வழக்கு அது. தீர்ப்பு 1995இல் வந்தது. பிணைமுறி பற்றி ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் யார் பேசினாலும் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் போக முடியாது.

சங்கதி மிகச் சாதாரணமானது. டிரஃபால்கர் ஒரு பொழுதுபோக்கு மையத்தைக் கட்டும் பிரதான ஒப்பந்தக்காரர். நிலவேலையை, அதாவது தோண்டுதல், அத்திவாரம் போன்றவற்றை, சேம்பர்ஸ் என்ற துணை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தது. சேம்பர்சுக்காக ஜெனரல் ஷுவர்ட்டி 101,285 பவுணுக்கு முறி எழுதிக் கொடுத்தது. அது துணை ஒப்பந்தத் தொகையில் பத்து வீதம். சேம்பர்ஸ் கடனில் மூழ்கி வேலையை நிறுத்தியது. மீதி வேலையை டிரஃபால்கர் தன் செலவில் முடித்துவிட்டு, முறித் தொகை முழுவதையும் கேட்டது. கம்பனி மறுத்தது. சேம்பர்ஸ் செய்த வேலைக்கு டிரஃபால்கர் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறது, அதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகுதான் நட்டம் எவ்வளவு என்று தெரியும், அதற்கு முன் ஒரு சதமும் தரமாட்டோம் என்றது.

மேல் நீதிமன்றத்தில் முழு விசாரணை இல்லாமலே டிரஃபால்கருக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. வேலை நின்றதும் கையில் காசு வந்து வேலை தொடர வேண்டும், அதற்காகத்தான் இப்படிப்பட்ட முறிகளை வாங்குகிறார்கள், நட்டம் இவ்வளவு என்று வேலை கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு சொன்னால் கம்பனி அதைக் கொடுத்துவிட வேண்டும், கணக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்த நீதியரசர்களின் பார்வை. வியாபார நோக்கில் அதில் நியாயம் இல்லாமலில்லை.

பிரபுக்கள் சபை அதை மாற்றியது. பிரதான தீர்ப்பை எழுதியவர் ஜோன்சி பிரபு. முறியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். நாமும் பார்ப்போம், ஏனென்றால் நம் கோப்புகளில் இன்றும் அதே வார்ப்பில் முறிகள் கிடக்கின்றன.

அந்த முறிக்கு இரண்டு பகுதிகள். முதற் பகுதியில், இன்ன தொகைக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம் என்று ஒப்பந்தக்காரரும் கம்பனியும் சேர்ந்து சொல்கிறார்கள். அதை மட்டும் வாசித்தால், கம்பனி ஏற்கனவே கடன்பட்டுவிட்டது என்று தோன்றும். இரண்டாம் பகுதியில்தான் நிபந்தனை வருகிறது. ஒப்பந்தக்காரர் வேலையைச் சரியாகச் செய்தால், அல்லது அவர் தவறியபோது அதனால் ஏற்பட்ட நட்டத்தை முறித் தொகைக்கு உட்பட்டுக் கம்பனி தீர்த்தால், மேலே சொன்ன கடப்பாடு இல்லாமற் போகும். தவறினால் நட்டத்தைக் கட்டுவோம் என்று ஒரே வரியில் எழுத வேண்டியதைத் தலைகீழாக்கி, முதலில் முழுத் தொகைக்கும் கடன்பட்டு, பிறகு அந்தக் கடன் எப்போது இல்லாமற் போகும் என்று சொல்கிறார்கள்.

இது இங்கிலாந்தின் பழைய தண்டமுறி. அங்கே ஒரு காலத்தில் சிறு தவறுக்கும் முறித் தொகை முழுவதையும் பிடுங்கிக்கொள்ளலாம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் வில்லியம் காலத்துச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. அதன்பிறகு முழுத் தொகைக்கும் தீர்ப்புப் பெறலாம், ஆனால் நிரூபித்த நட்டம் எவ்வளவோ அவ்வளவைத்தான் அறவிடலாம். முறியின் வார்ப்பு மட்டும் மாறவில்லை.

ஜோன்சி பிரபு பிடித்துக்கொண்டது இரண்டாம் பகுதியை. தவறு, நட்டம் என்ற இரண்டும் முறியில் இருக்கின்றன. ஆகவே இது உத்தரவாதம். தவறு நடந்ததையும் நட்டம் ஏற்பட்டதையும் கேட்பவர் நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கழிக்கக் கேட்கக்கூடியதை எல்லாம் கம்பனியும் கழிக்கக் கேட்கலாம். கேட்டவுடன் கொடுக்கும் முறிதான் வேண்டுமென்றால் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இவ்வளவு எளிய கடப்பாட்டை இப்படி நீட்டி முழக்கி, அதன் நோக்கத்தையே மறைக்கும் பத்திரத்தில் எழுத வியாபாரிகள் ஏன் விரும்புகிறார்களோ தெரியவில்லை என்றும் அவர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்.

அந்தக் குறையை முதலில் சொன்னவர் அவரல்ல. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே பிரபுக்கள் சபையில் அற்கின் பிரபு அதைச் சொல்லிவிட்டார். துறைமுக ஊர்க்காரர்களாகிய நமக்கு அந்த வழக்கு இன்னும் நெருக்கமானது.

வேர்க்கிங்டன் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள ஒரு பழைய உருக்காலை நகரம். அங்கே டேர்வென்ட் ஆறு கடலில் விழுகிறது. அங்கே துறைமுக வாரியம் பெரிய கப்பல்கள் வரத்தக்கதாகக் கப்பல்துறையை விரித்துக் கட்டியது. 1927இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த துறை அது. ஒப்பந்தக்காரருக்காகப் பிணை நின்றது டிரேட் இன்டெம்னிட்டி என்ற காப்புறுதிக் கம்பனி. முறித் தொகை 50,000 பவுண், அந்தக் காலத்தில் மிகப் பெரிய காசு. வேலையில் சிக்கல் வந்து வாரியம் முறியின் மேல் வழக்குப் போட்டபோது, கம்பனி கையில் எடுத்த வாதங்களில் ஒன்றை இந்த அவையில் விரித்துச் சொல்ல வேண்டும்.

காப்புறுதிச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. காப்புறுதி கேட்பவர் ஆபத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த முக்கியமான எல்லாவற்றையும், கேட்காமலே, கம்பனியிடம் சொல்லிவிட வேண்டும். ஒளித்தால் ஒப்பந்தத்தைக் கம்பனி ரத்துச் செய்யலாம். மீயுயர் நல்லெண்ணம் என்று அதைச் சொல்வோம். கப்பலுக்கும் சரக்குக்கும் காப்புறுதி எழுதிய காலத்தில், கடலில் இருக்கும் கப்பலைக் கம்பனிக்காரர் போய்ப் பார்க்க முடியாது என்பதால் பிறந்த விதி அது. டிரேட் இன்டெம்னிட்டி சொன்னது: நாங்கள் காப்புறுதிக் கம்பனி, எங்களிடம் கட்டணம் கட்டித்தான் இந்த முறியை வாங்கினார்கள், ஆகவே தோண்ட வேண்டிய நிலத்தின் தன்மை பற்றி வாரியம் தனக்குத் தெரிந்ததை எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. எழுதுபவர் காப்புறுதிக் கம்பனி என்பதாலோ, கட்டணம் வாங்குவதாலோ பிணை காப்புறுதியாகிவிடாது. பிணை நிற்பவர் தான் யாருக்காக நிற்கிறாரோ அவரிடம் விசாரிக்கலாம், வேலையைப் பார்க்கலாம், ஒப்பந்தத்தை வாசிக்கலாம். வேலை கொடுப்பவர் எல்லாவற்றையும் கொட்டிச் சொல்ல வேண்டிய கடமை பிணையில் இல்லை. பிணையாளி எதிர்பார்க்க முடியாத அசாதாரணமான ஏற்பாடு ஏதாவது கடனாளிக்கும் கடன்கொடுத்தவருக்கும் இடையில் இருந்தால் அது வேறு விடயம். கடினமான நிலம் தோண்டும் வேலையில் அசாதாரணம் அல்ல.

அந்த வழக்கிலேயே, இவ்வளவு பெரிய கடப்பாடுகளை உண்மையான கொடுக்கல் வாங்கலைச் சரியாகச் சொல்லாத பழைய வார்ப்புகளில் வியாபாரிகள் ஏன் எழுதுகிறார்கள் என்று அற்கின் பிரபு வியந்தார். குளிர்பானப் போத்தலில் நத்தை இருந்த வழக்கில், அயலவருக்கு நாம் காட்ட வேண்டிய கவனத்தைப் பற்றி 1932இல் தீர்ப்பெழுதியவர் அவர்தான். சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் அந்தத் தீர்ப்புத் தெரியும். ஆனால் முறியைப் பற்றி அவர் சொன்னது கட்டடத் தொழிலில் யார் காதிலும் ஏறவில்லை. வேர்க்கிங்டன் வாரியமும் கம்பனியும் 1938இல் அதே முறியோடு மறுபடி பிரபுக்கள் சபையின் முன் நின்றன. துறை திறந்து பதினொரு ஆண்டுகள் ஆகியும் கணக்குத் தீரவில்லை.

இதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்ப்போம். நான்கு கோடி ரூபாய்க்கு ஒரு பாடசாலைக் கட்டடம். பத்து வீத முறி, நாற்பது இலட்சம். இரண்டு கோடி நாற்பது இலட்சத்துக்கு வேலை முடிந்த நிலையில் ஒப்பந்தக்காரர் நின்றுவிடுகிறார். அதில் இரண்டு கோடி இருபது இலட்சம் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மீதி வேலைக்குப் புதிய ஒப்பந்தக்காரர் ஒரு கோடி தொண்ணூறு இலட்சம் கேட்கிறார். இரண்டையும் கூட்டினால் நான்கு கோடி பத்து இலட்சம். தாமதத்துக்கான நட்டஈட்டை ஒருபுறம் வைத்தால் உண்மையான நட்டம் பத்து இலட்சம். கேட்டவுடன் கொடுக்கும் முறி என்றால் நாற்பது இலட்சமும் போகும். உத்தரவாதம் என்றால் பத்து இலட்சம் போகும், அதுவும் கணக்கு நிரூபிக்கப்பட்ட பிறகு. நடுவில் நிற்கும் முப்பது இலட்சத்தை யார் சுமப்பது என்பது முறியில் உள்ள நாலைந்து சொற்களில் தங்கியிருக்கிறது.

கேட்டவுடன் கொடுக்கும் முறி எவ்வளவு கடுமையானது என்பதற்கு எட்வேர்ட் ஓவன் வழக்கைச் சொல்லலாம். ஆங்கில நிறுவனம் ஒன்று லிபியாவில் பயிர் வளர்க்கும் கண்ணாடி வீடுகளை அமைக்க ஒப்பந்தம் செய்து, பத்து வீதமாக 50,203 பவுணுக்கு வங்கி மூலம் முறி கொடுத்தது. லிபியத் தரப்பு ஒப்பந்தப்படி திறக்க வேண்டிய கடன்கடிதத்தைத் திறக்கவேயில்லை. தவறு அவர்கள் பக்கம். ஆனாலும் முறித் தொகையைக் கேட்டார்கள். 1977இல் டெனிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றது. வங்கிக்குத் தெளிவாகத் தெரிந்த மோசடி ஒன்றுதான் அதற்கு விலக்கு. வங்கிகள் இந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பன்னாட்டு வியாபாரத்துக்கு அது தேவைதான். ஆனால் மூதூரில் நாலு கிலோமீற்றர் வீதி போடும் ஒப்பந்தக்காரருக்கும் அதே வார்ப்பு முறியை நீட்டுவது நியாயமல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஆனால் ஒல்லாந்தர் சட்டத்தைத் தூக்கியெறியவில்லை. 1799 செப்டம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தால் அதை அப்படியே தொடரவிட்டார்கள். அதனால் பிணை பற்றிய நம் பொதுச் சட்டம் இன்றும் உரோம-டச்சுச் சட்டம். அது பிணையாளியிடம் இரக்கமுள்ள சட்டம். முதலில் கடனாளியின் சொத்தைப் பிடி, போதாவிட்டால் என்னிடம் வா என்று பிணையாளி சொல்லலாம். பல பிணையாளிகள் இருந்தால் என் பங்கை மட்டும் கேள் என்று சொல்லலாம். கட்டிய பிறகு கடனாளிக்கு எதிரான உரிமைகளை எனக்கு எழுதித் தா என்று கேட்கலாம்.

இந்தியாவில் இந்த முதற் சலுகை கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். பீகார் வங்கிக்கும் தாமோதர் பிரசாத்துக்கும் இடையிலான வழக்கில், கடனாளியைத் துரத்திக் களைத்த பிறகுதான் பிணையாளியிடம் வர வேண்டும் என்றால் பிணைக்கே அர்த்தமில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாம் இந்தியாவைவிட நல்ல நிலையில் இருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். நம் வங்கிகளின் உத்தரவாதப் பத்திரத்தில் ஒரு வாக்கியம் வரும். இலத்தீன் பெயர்களோடு, மேற்சொன்ன சலுகைகளை நான் கைவிடுகிறேன் என்று பிணையாளி அதில் ஒப்புக்கொள்கிறார். நண்பருக்காகவோ மைத்துனருக்காகவோ கையெழுத்து வைக்கும் ஒருவர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து தனக்கு இருந்த பாதுகாப்பை அந்த ஒரு வாக்கியத்தில் கொடுத்துவிட்டு எழும்பிப் போகிறார். அதை விளக்கிச் சொல்வது சட்டத்தரணியினதும் நொத்தாரிசினதும் கடமை. அவசரத்தில் அது நடப்பதில்லை.

பிணையாளிக்கு ஆங்கிலச் சட்டம் தரும் பாதுகாப்பு வேறு வகையானது. 1878இல் தீர்க்கப்பட்ட ஹோல்ம், பிரன்ஸ்கில் வழக்கில் ரிக்கின்டேல் என்ற மலைப்பண்ணையை 700 செம்மறிகளோடு ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். குத்தகை முடியும்போது மந்தையை அதே எண்ணிக்கையில், நல்ல நிலையில் திருப்பிக் கொடுப்பார் என்று இன்னொருவர் பிணை நின்றார். இடையில் சதுப்புக் காணித் துண்டு ஒன்றைக் குத்தகைக்காரர் திருப்பிக் கொடுக்க, வருட வாடகையில் பத்துப் பவுண் குறைக்கப்பட்டது. பிணையாளியை யாரும் கேட்கவில்லை. மந்தை குறைந்ததும் பிணையாளி மேல் வழக்கு வந்தது. அந்தச் சின்னக் காணித் துண்டால் மந்தைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்று யூரிமார் சொன்னார்கள். நீதிமன்றமோ, மாற்றம் தனக்குக் கெடுதியா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியவர் பிணையாளிதான், அவரைக் கேட்காமல் மாற்றியதால் அவர் விடுபட்டார் என்றது.

கட்டட வேலையில் மாற்றம் இல்லாத நாளே இல்லை. வரைபடம் மாறும், கம்பியின் அளவு மாறும், மழையால் காலம் நீடிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிணையாளி விடுபட்டால் முறிக்கு மதிப்பே இருக்காது. அதனால் இன்றைய முறிகளில், மாற்றமோ கால நீடிப்போ எங்களை விடுவிக்காது என்று கம்பனியிடமே எழுதி வாங்கிவிடுகிறார்கள். அது சரிதான். ஆனால் கம்பனியை மட்டும் நினைத்து எழுதப்பட்ட அந்த வாசகம், கம்பனிக்குப் பின்னால் நிற்பவர்களையும் கட்டிவிடுகிறது.

இந்தப் பேச்சின் முக்கியமான இடம் இதுதான். காப்புறுதிக் கம்பனியிடம் கட்டணம் கட்டி முறி எடுத்த பல ஒப்பந்தக்காரர்கள், வேலையில் ஏதாவது நடந்தால் காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்று மனப்பூர்வமாக நம்புகிறார்கள். லொறிக்குக் காப்புறுதி எடுக்கிறார்கள், விபத்தில் கம்பனி கொடுக்கிறது, திரும்பக் கேட்பதில்லை. முறியும் அப்படித்தான் என்ற எண்ணம். உண்மையில் முறி எழுதும் முன் கம்பனி இன்னொரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறது. நாங்கள் இந்த முறியின் கீழ் எதைக் கட்டினாலும் நீங்கள் அதை எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதே அதன் சாரம். ஒப்பந்தக்கார நிறுவனத்தின் பணிப்பாளர்கள் தனிப்பட்ட முறையிலும் கையெழுத்து வைக்கிறார்கள். சில இடங்களில் வீட்டு உறுதி போகிறது, சில இடங்களில் வைப்புப் பணம் பிடிக்கப்படுகிறது. லொறிக் காப்புறுதியில் நட்டம் கம்பனியோடு நின்றுவிடும். பிணையில் நட்டம் கம்பனியைத் தொட்டுவிட்டு ஒப்பந்தக்காரரின் வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிறது. கம்பனி கொடுப்பது ஒரு வகைக் கடன், கட்டணம் அந்தக் கடனின் விலை. வேர்க்கிங்டன் தீர்ப்பு வேலை கொடுப்பவருக்கும் கம்பனிக்கும் இடையில் வைத்துப் பேசிய வேறுபாட்டின் மறுபக்கம் இது. ஒப்பந்தக்காரர் அறிய வேண்டிய பக்கமும் இதுதான்.

2022ஐ நாம் யாரும் மறக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. சீமெந்து, கம்பி, தார், டீசல் எதுவும் ஒப்பந்தம் போட்ட விலையில் கிடைக்கவில்லை. செய்து முடித்த வேலைக்கான பட்டியல்கள் மாதக்கணக்கில் திணைக்களங்களில் தேங்கின. வேலை நின்றது, ஆனால் முறி நிற்கவில்லை. காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்காவிட்டால் தொகையைக் கேட்போம் என்ற கடிதம் வரும். அரசாங்கத்திடமிருந்து தனக்கு வர வேண்டிய காசு வராத ஒப்பந்தக்காரர், அதே அரசாங்கத்துக்குக் கொடுத்த முறியைக் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். டிரஃபால்கர் வழக்கில் கம்பனி கேட்ட கழிவு, அதாவது பாக்கியைக் கழித்துவிட்டு நட்டத்தைச் சொல் என்ற கோரிக்கை, நம் ஒப்பந்தக்காரர்களுக்கு அன்று எவ்வளவு தேவையாக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நிபந்தனையில்லாத முறியில் கையெழுத்து வைத்தவர்களுக்கு அந்தக் கோரிக்கையை எழுப்பவே வழியில்லை. வழக்காடலாம் என்றாலும் முறி எழுதிய கம்பனி கொழும்பில், வழக்கும் பெரும்பாலும் அங்கேதான். இங்கிருந்து 260 கிலோமீற்றர் போய்வர ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் வேலை கெடும்.

இந்தியாவில் நெடுஞ்சாலை வேலைகளுக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்துக் கொடுத்து ஒப்பந்தக்காரர்களின் மூலதனம் முடங்குகிறது என்பதால், காப்புறுதிக் கம்பனிகளும் பிணைமுறி எழுதலாம் என்று அங்குள்ள காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஏப்ரல் 1 முதல் அனுமதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் முறித் திட்டம் அறிமுகமானது. தவறிய ஒப்பந்தக்காரரிடமிருந்து காசை மீட்பதில் வங்கிகளுக்கு உள்ள உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று அங்குள்ள காப்புறுதிக் கம்பனிகள் கேட்டன. அந்தக் கோரிக்கையே போதும், தாங்கள் எழுதுவது வழக்கமான காப்புறுதி அல்ல என்பது கம்பனிகளுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று காட்ட.

இதுவரை பேசிய முறிகள் எல்லாம் வேலை கொடுப்பவரைத்தான் காக்கின்றன. பாதியில் நின்ற கட்டடத்தில் சம்பளம் கிடைக்காத மேசன்மார், கல்லும் மணலும் கடனுக்கு இறக்கிய கடைக்காரர், கம்பி கட்டிய துணை ஒப்பந்தக்காரர் எல்லோரும் முறிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். திணைக்களம் முறித் தொகையை எடுத்துக் கட்டடத்தை முடிக்கும். அவர்களுக்கு ஒன்றும் வராது. இது எனக்கு ஆறாத குறை.

அமெரிக்காவில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். தனியார் கட்டடத்தில் காசு கிடைக்காத தொழிலாளி அந்தக் கட்டடத்தின் மேலேயே உரிமை கோரலாம். அரசாங்கக் கட்டடத்தின் மேல் அப்படிக் கோர முடியாது. அந்தக் குறையைப் போக்க 1894இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1935இல் மில்லர் சட்டமும் வந்தன. மத்திய அரசாங்கத்தின் கட்டட வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் இரண்டு முறி கொடுக்க வேண்டும். ஒன்று வேலையை முடிப்பதற்கு. மற்றது உழைத்தவர்களுக்கும் பொருள் கொடுத்தவர்களுக்கும் காசு கொடுப்பதற்கு. பிரதான ஒப்பந்தக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாமல், துணை ஒப்பந்தக்காரருக்கு வேலை செய்தவரும் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அறிவித்தல் கொடுத்தால், ஓராண்டுக்குள் அந்த இரண்டாம் முறியின் மேல் வழக்குப் போடலாம்.

இங்கே அதற்குப் பெரிய சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. முறியின் வாசகம் கேள்விப் பத்திரத்தோடு இணைக்கப்படுகிறது. அதை இணைப்பவர்கள் பொறியியலாளர்களும் கணிய அளவையாளர்களும். ஜோன்சி பிரபு குறைபட்ட அதே 1995இல் பிரித்தானியக் காப்புறுதியாளர் சங்கம் தெளிவான ஆங்கிலத்தில் ஒரு மாதிரி முறியை வெளியிட்டது. யார் எதற்குப் பொறுப்பு, எப்போது முடியும் என்பதைத் தலைகீழாக்காமல் நேரே சொல்லும் பத்திரம் அது. மாகாணத் திணைக்களங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் சிறிய வேலைகளுக்கு அப்படி ஒரு முறியைத் தமிழிலும் சிங்களத்திலும் வைக்கலாம். அதில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தவறும் நட்டமும் நிரூபிக்கப்பட்டால்தான் கொடுப்பனவு. ஒப்பந்தக்காரருக்கு வேலை கொடுத்தவர் வைத்திருக்கும் பாக்கி அந்த நட்டத்திலிருந்து கழிக்கப்பட வேண்டும். சம்பளம், பொருட்கள் இவற்றுக்கான பாக்கிக்கென்று முறித் தொகையில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும், அதைக் கேட்க மேசனும் கடைக்காரரும் நேரடியாக வரக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதற்குக் கம்பனிகள் கூடுதல் கட்டணம் கேட்கும். அதைக் கேள்வித் தொகையில் சேர்த்துப் போட ஒப்பந்தக்காரர்களுக்கு இடம் கொடுத்தால், தொழிலாளியின் சம்பளப் பாதுகாப்புக்கான செலவை வேலை கொடுப்பவர் ஏற்றுக்கொண்டவராவார். பள்ளிக்கூடமும் பாலமும் கட்டும் அரசாங்கம் அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன்.